சைலன்சர் போட்டால் துவக்கின் உதை குறையுமா?

கேள்வி: கொழும்பில் ஒரு கிளப்பில் .22 ரைபிள் (சின்னக் குண்டு போடும் துவக்கு) சுடுகிறேன். நோர்வேக்குப் போனபோது மைத்துனரின் .308 என்ற பெரிய வேட்டைத் துவக்கில் சில வெடி வைத்துப் பார்த்தேன். தோள் கன்றிப்போனது. அன்றிலிருந்து .22ஐத் தொட்டாலும் விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிறது, தோள் முன்னுக்குத் தள்ளுகிறது. சைலன்சர் போட்டால் சரியாகும், அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறார் மைத்துனர். வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் மைத்துனருக்கு ஒரு போன் போட்டு, பெட்டிக்குள் அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நோர்வேயில் வேட்டைக்குப் போகிறவர்களிடம் அது சாதாரணப் பொருள். இங்கே நிலைமை வேறு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் பாதுகாப்பு அமைச்சு இருக்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாமல் துவக்குச் சாமான் எதையும் கட்டுநாயக்கவில் இறக்கினால், சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லப்போவது அவர்தான்.

சரி, அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா? அவருடைய துவக்கைப் பொறுத்தவரை இருக்கிறது. .308இல் சுமார் 10 கிராம் குண்டு வினாடிக்கு 800 மீற்றர் வேகத்தில் போகிறது. அதன் பின்னாலேயே, எரிந்த 3 கிராம் வெடிமருந்தின் வாயு குண்டைவிட வேகமாகச் சீறுகிறது. தோளில் விழும் உதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தச் சீறலால் வருவது. சைலன்சர் வாயுவை உள்ளே தடுத்து மெதுவாக வெளியே விடுகிறது. குழல் நுனியில் முந்நூறு நானூறு கிராம் பாரமும் ஏறுவதால் துவக்கு மேலே துள்ளுவதும் குறைகிறது. சத்தம் 25, 30 டெசிபல் இறங்கும். சினிமாவில் வருகிற ‘புஸ்’ எல்லாம் இல்லை. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் அந்தச் ‘சடார்’ அப்படியே கேட்கும்.

உங்கள் .22இல் இருப்பதோ ஒரு சிட்டிகை மருந்து. அதில் உதை என்று சொல்லவே ஒன்றுமில்லை. குறைக்க என்ன இருக்கிறது? உடம்பு .308ஐ நினைத்து வெருளுகிறது, அவ்வளவுதான். அதிலும் பாதிக்கு மேல் சத்தத்தின் வேலை. தோள் வலித்ததாகத்தான் ஆட்கள் சொல்வார்கள், ஆனால் காதை நன்றாக மூடிக் கொடுத்தால் அதே துவக்கை அமைதியாகச் சுடுவார்கள்.

ஆகவே காசைக் காதுக்குச் செலவழியுங்கள். உள்ளே நுரை அடைப்பான், மேலே காதுக் கவசம், இரண்டும் சேர்த்து. அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மற்றக் கையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும்வரை அழுத்திக்கொள்ள வேண்டும். வாசலில் சும்மா ஒட்டி வைத்தால் பிரயோசனமில்லை. புறக்கோட்டையில் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் தேடலாம். கவசம் வாங்கும்போது எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அளவு போடாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவரென்றால் அதைப் போட்டுக்கொண்டே அணிந்து பாருங்கள், கண்ணாடிக் காலோரம் சத்தம் உள்ளே வரும்.

அப்புறம், பயிற்சியாளரிடம் சொல்லி, தோட்டாக்களுக்கு நடுவே உங்களுக்குத் தெரியாமல் டம்மி தோட்டாவை, அதாவது வெடிக்காத போலித் தோட்டாவை, கலந்து தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் நுனி குனிந்தால் வெருட்சி இன்னும் போகவில்லை.

கேள்வி: அப்படியென்றால் குழல் நுனியில் பூட்டுகிற மசில் பிரேக் என்ற சாமானை வாங்கலாமா? உதையை அதிகம் குறைக்குமாமே?
– அதே வாசகர்

பதில்: பெரிய துவக்கில் குறைக்கும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் சுடுகிறவருக்கும் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சத்தம் கூடும். சத்தத்துக்கு வெருளுகிற உங்களுக்கு அது எதற்கு? சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமும் ரைபிள் போட்டிகளில் அதை அனுமதிப்பதில்லை.