வயலில் மீத்தேன்: எதை அளப்பது, எதை எழுதுவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் பம்ப்செட் வைத்துக் குறுவை போடுகிறேன். ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டத்தை எழுதிவந்தால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையும் என்கிறார்கள். வாயுவை அளக்காமல் இது எப்படிச் சாத்தியம்? எதை எழுத வேண்டும்?

பதில்: வாயுவை நீங்கள் அளக்க வேண்டாம், தண்ணீரை அளந்தால் போதும். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கே பெருகும் நுண்ணுயிரிகள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. மண்ணுக்குள் காற்று போனால் அவற்றின் வேலை அடங்கிவிடும். அதற்காக வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவதைத்தான் நாம் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். பருவம் முழுக்கத் தண்ணீர் கட்டிய வயலைவிட, ஒருமுறை காயவிட்ட வயலில் 29 சதவீதமும் பலமுறை காயவிட்டதில் 45 சதவீதமும் மீத்தேன் குறைவு என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019-இல் தந்த கணக்கு சொல்கிறது. அதனால் வயல் எத்தனை முறை காய்ந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியமான தகவல். குழாய் தானாக எதையும் குறைக்காது.

30 செ.மீ. குழாயில் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் ஆனதும் தொடங்கலாம். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. நிற்கும் அளவு பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், காயவே விடக்கூடாது. விட்டால் மகசூல் அடிபடும்.

நோட்டில் தேதி, குழாய் மட்டம், மழை, பம்ப் ஓடிய மணிநேரம் இருக்கட்டும். பலர் தண்ணீர் பாய்ச்சிய நாளை மட்டும் எழுதுகிறார்கள், காய்ந்த நாள் விட்டுப்போகிறது. மீத்தேன் கணக்குக்கு வேண்டியதே அந்த நாள்தான்! மழையில் மட்டம் ஏறிவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அப்புறம், வைக்கோலை மடக்கி உழுத தேதி. நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகவே உழுதுவிட்டால், வைக்கோலால் கூடும் மீத்தேன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். யூரியா இட்ட நாளையும் குறியுங்கள். காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஆகவே தேவைக்கு மேல் யூரியா வேண்டாம். மண் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள்.

சம்பாவில் ஐப்பசி மழை வயலைக் காயவிடாது. இருந்தாலும் குழாயை எடுத்துவிடாமல் எழுதிவாருங்கள். எந்த வயலில் தண்ணீர் அதிக நாள் நிற்கிறது என்று தெரிந்தால், வடிகாலை எங்கே வெட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.