வேல்ஸில் ஒரே ஒரு மலைக்கோட்டையைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றும், கூட்டம் மொய்க்கும் கானர்வன், கான்வி கோட்டைகளை விடுத்து, நாட்டுப்புறத்தில் சிதைந்து கிடக்கும் மலைக்கோட்டை ஒன்றைப் பார்க்க விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கேரெக் கென்னெனுக்குச் செல்லுங்கள்.

கார்மார்தன்ஷயரில், லான்டைலோ ஊருக்குத் தென்கிழக்கே, ட்ராப் என்னும் சிற்றூரை அடுத்து, கென்னென் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையின் உச்சியில் இக்கோட்டை இருக்கிறது. அடிவாரத்துப் பண்ணையில் காரை நிறுத்திவிட்டு, ஆடுகள் மேயும் சரிவில் ஏற வேண்டும். தொலைவு குறைவுதான், ஆனால் மூச்சு வாங்கும். (1960களில் நிலம் கைமாறியபோது பத்திரத்தில் நேர்ந்த பிழையால் கோட்டையும் பண்ணையோடு சேர்ந்தே போய்விட்டதாம். பராமரிப்பு மட்டும் வேல்ஸ் அரசின் தொல்லியல் அமைப்பான ‘கடூ’விடம் (Cadw) இருக்கிறது.)

மேலே சென்றதும் காட்சியில் மயங்கிவிடாமல், முதலில் மதில்களைக் கவனியுங்கள். வேல்ஸ் சிற்றரசர்கள் வைத்திருந்த இவ்விடம் 1277இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1283இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு இதை ஜான் கிஃபர்டு என்னும் ஆங்கிலப் பிரபுவுக்கு வழங்கினார். இன்று நாம் காணும் கோட்டையின் பெரும்பகுதி அதன்பின் எழுந்ததே. தெற்கே செங்குத்துப் பாறையே காவலாக இருந்ததால், கட்டியவர்கள் தங்கள் திறமை முழுவதையும் வடக்கிலும் கிழக்கிலும் காட்டியிருக்கிறார்கள்: பகைவர் நேரே வாயிலுக்குப் பாய்ந்துவிட முடியாதபடி நீண்ட சாய்வுப்பாதை, இடையிடையே ஆழ்குழிகள், அவற்றின் மேல் தேவைப்பட்டால் அகற்றக்கூடிய பாலங்கள், பிறகு ஒரு திருப்பம், அதற்கும் பிறகுதான் இரட்டைக் கோபுர வாயில்.

1403இல், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூரின் படை முற்றுகையிட்டு மதில்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தபின்னும் கோட்டை பழுதுபார்க்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்து அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் தரப்பைச் சார்ந்து நின்றதால், 1462இல் யார்க் தரப்பினர் ஐந்நூறு பேரைக் கடப்பாரைகளோடு அனுப்பி இதை இடித்தார்கள். ஆகவே, நீங்கள் காணும் சிதைவு காற்றும் மழையும் மட்டும் செய்த வேலையன்று.

என் கணக்கில், இங்கே தவறவிடக்கூடாதது குகைதான். உள்முற்றத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து படிகள் இறங்குகின்றன; பாறை விளிம்பை ஒட்டி வளைவுக்கூரையிட்ட ஒரு பாதை, வெளிச்சத்துக்கெனச் சிறு துளைகளுடன் நீண்டு, இயற்கைக் குகை ஒன்றில் முடிகிறது. வரலாற்றுக்கு முற்பட்டவையாகக் கருதப்படும் மனித எலும்புகள் அதில் கிடைத்துள்ளன. குகையை அப்படியே விட்டுவைத்தால் பகைவர் அதில் பதுங்கிவிடுவர் என்பதற்காகவே அதைக் கோட்டையோடு இணைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு ஏற்புடைய விளக்கமாகப் படுகிறது.

உள்ளே கும்மிருட்டு, தரை ஈரமாக வழுக்கும். எனவே நல்ல டார்ச்சும் பிடிமானமுள்ள காலணியும் கட்டாயம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களைக் குகைக்குள் அழைக்காதீர்கள். பண்ணையிலேயே தேநீர்க்கடை இருக்கிறது.