மாகாண சபைக்கு நிற்கப் போகும் ஹாட்வெயார்க் கடைக்காரருக்கு

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் உங்களைக் கட்சி கிழக்கு மாகாண சபைக்கு நிற்கச் சொல்கிறது, கடையையும் கொண்டு நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தலாம். ஆனால் வேட்புமனுவில் கையெழுத்து வைக்க முதல் கடன் கொப்பியை மூடுங்கள்.

"வியாபாரி அரசியலுக்கு வரக் கூடாதா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தாராளமாக வர வேண்டும். சீமெந்து விலையும் மேசன் கூலியும் தெரிந்தவர் சபையில் இருந்தால் ஊதிப் பெருப்பித்த மதிப்பீடு லேசில் தப்பாது. நான் பேசுவது கடை கவிழும் வழியைப் பற்றி.

வேளாண்மை வெட்டினதும் தாறன் என்று சீற்றும் கம்பியும் எடுத்தவர், நீங்கள் வேட்பாளர் ஆனதும் தர மாட்டார். கேட்டால் வாக்குப் போகும், விட்டால் கம்பனிக்குக் கொடுத்த திகதி போட்ட செக் திரும்பும். வாக்குக்காகக் கடனை விட்டுக் கொடுத்தால் அது சட்டப்படி இலஞ்சம், தேர்தல் மனு வந்தால் பதவியே போகும். தேர்தல் நேரத்தில் கோயில் மதிலுக்குக் கொடுக்கிற சீமெந்தும் அந்த வில்லங்கத்தில்தான் கொண்டுபோய் விடும். எனவே ஒவ்வொருவரின் மீதியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வசூலை மகனிடமோ மனேச்சரிடமோ விடுங்கள். புதுக் கடன் வேண்டாம்.

தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு திறவுங்கள். தேர்தல் செலவை ஒழுங்குபடுத்தும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லாமல் தரும் காசைத் தொடக் கூடாது. பிரசாரத்துக்கு ஓடும் கடைப் பட்டா லொறியின் டீசலையும் டிரைவர் கூலியையும் அன்றன்றே எழுதுங்கள். சொத்து விபரத்தில் கடைச் சரக்கையும் காட்டுங்கள்.

2012இல் இருந்த முறையில் மட்டக்களப்புக்கு 11 ஆசனம், ஒரு பட்டியலில் 14 பேர், பட்டியலில் யார் வர வேண்டும் என்று காட்ட வாக்காளருக்கு 3 விருப்பு வாக்கு. அதே முறை என்றால் போட்டி உங்கள் பட்டியலுக்குள்ளேயே நடக்கும்.

வென்ற பிறகுதான் பெரிய ஆபத்து. உங்கள் சிபாரிசில் வரும் வீதி வேலைக்குக் கொந்தராத்துக்காரர் தானாகவே உங்கள் கடைக்கு வருவார், "பில் வந்ததும் தாறன்" என்பார். அரசாங்க பில் மாதக்கணக்கில் இழுபடும், அதுவரை சீமெந்துக்குக் காசு போட்டவர் நீங்கள். போதாததற்குக் கணக்காய்வில் உங்கள் கடைப் பற்றுச்சீட்டும் கிளம்பும். அந்த வேலைக்கு ஒரு ஆணிகூட உங்கள் கடையிலிருந்து போகக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும் நிற்பதற்குத் தேர்தல் எங்கே? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றினார்கள், அந்த முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்கடித்தார்கள். பிறகு ஆளுநர் ஆட்சிதான். ஒரு வாய்க்கால் திருத்தத்துக்கும் நாங்கள் தெரிவு செய்யாத ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருப்பது எங்களுக்கு அநியாயம்.

திகதி வரும்வரை காத்திராமல் கொப்பியை இப்போதே மூன்றாகப் பிரியுங்கள்: மேசன்மார், வேளாண்மைக்காரர், கொந்தராத்துக்காரர். கடைசி ஆட்களிடம் முதலில் வசூலியுங்கள், நாளைக்கு உங்கள் சிபாரிசு வேலையைக் கேட்டு வரப்போவது அவர்கள்தான்.