இசட் புள்ளி மட்டும் போதுமா?

கேள்வி: உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் என் மகன், இசட் புள்ளியைத் தவிர வேறெதற்கும் ஆயத்தப்படுவதில்லை. இது சரியா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: மூன்று பாடங்களின் இசட் புள்ளியும் (பாடங்களுக்கிடையே ஒப்பிடத்தக்கதாகத் தரப்படுத்திய புள்ளி) மாவட்ட ஒதுக்கீடுமே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பதால் மகனைக் குறை சொல்ல முடியாது, ஆயினும் உயர்தரப் பாடங்களோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் வேண்டும் என்பதை, ரியூசன் ஓட்டத்தில் பல பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

எனது கவலை ஆங்கிலத்தைப் பற்றியதே. இணைந்த கணிதத்தைத் தமிழில் கற்ற பிள்ளை, கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குச் சென்றால் விரிவுரைகளை ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டியிருக்கும். ஆகவே, பௌதிகவியலில் அன்று படித்த அலகை இரவில் ஆங்கில நூலிலும் ஒரு பக்கம் வாசித்து, ஆர்முடுகல், உந்தம் முதலியவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கொப்பியின் ஓரத்தில் குறித்துவரட்டும்.

கட்டடக்கலை போன்ற கற்கைநெறிகளுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை இப்போதே பாருங்கள்.