அடிக்கடி வாயு பிரிகிறதே, குடல் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

நாள் முழுக்க வயிறு உப்பியிருக்கிறது, அலுவலகத்தில் எழுந்து எழுந்து வெளியே போகவேண்டியிருக்கிறது, ஜீரண உறுப்பில் ஏதோ பெரிய கோளாறு என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர், நாற்பதைத் தாண்டியவர் என்று ஊகிக்கிறேன். இதுவரை வந்திருக்கும் பதில்களில் பாதி நகைச்சுவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதனால் பத்து மாதம் அவதிப்பட்டவன் நான்.

நான் மருத்துவன் அல்ல, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு உனக்கு என்ன வைத்தியம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வரவும்.

வீடு சேலம் அம்மாபேட்டையில். காலையில் பஸ்ஸில் மேலே போய் மாலையில் இறங்குவேன். வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் அடக்க ஒடுக்கமாக இருக்கும் வயிறு, பதினைந்தாவது வளைவு தாண்டும்போது மத்தளமாகிவிடும். வேட்டி என்றால் தளர்த்திக்கொள்ளலாம். பேண்ட்டும் பெல்ட்டும் போட்டவன் என்ன செய்வான்? ஒருநாள் பக்கத்து வரிசையில் ஒரு பையன் மடியில் சிப்ஸ் பாக்கெட் வைத்திருந்தான். கீழே வாங்கும்போது தொளதொளவென்று கிடந்தது, மேலே போகப் போகத் தலையணைபோல விறைத்துக்கொண்டது. அவன் அதை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தான். நான் என் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு, அடைபட்ட வாயு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். இது என் கற்பனை இல்லை. மலையேறப் போன அமெரிக்க மருத்துவர்கள் இருவர் 1981இல் இதற்கு ஒரு பெயரே சூட்டி மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மலை இருப்பதைத்தான் விரிக்கும், புதிதாக உண்டாக்காது. நான் அதே மலையில் பதினொரு வருடமாக ஏறி இறங்குகிறவன். அதுவரை வராதது அப்போது ஏன் வந்தது?

மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்தாள், மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். மச்சினன், “மாமா, முதலில் அந்தத் தட்டுவடை செட்டை நிறுத்துங்கள்” என்றான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், பச்சை வெங்காயம் வைத்து மூடித் தருவார்கள். அது இல்லாத மாலை சேலத்துக்காரனுக்கு மாலையே அல்ல. நிறுத்தினேன், ஒன்றரை மாதம். ஒரு மாற்றமும் இல்லை. மச்சினன் இன்றுவரை அதற்காக வருத்தம் தெரிவிக்கவில்லை.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. எட்டு வருடம் என்னோடு ஒரே சீட்டில் பயணம் செய்த பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒன்றும் சொல்லாமல் முன் சீட்டுக்கு மாறிவிட்டார். கேட்டதற்கு, பின்னால் குலுக்கல் அதிகம் என்றார். நாங்கள் உட்காருவது நடு பஸ்.

அன்று இரவு நோட்டுப் போட்டேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று மூன்று கலம். ஆரோக்கியமான மனிதனுக்கே ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது முறை வரை வாயு பிரிவது இயல்பு. என் கணக்கு முப்பத்தைந்தைத் தொட்டது. எந்த உணவோடும் அது பொருந்தவில்லை. பிறகு எப்போது ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போய்ப் பழைய பில்களைப் புரட்டினால், சர்க்கரைக்கு மாத்திரை மாற்றி எழுதிக்கொடுத்த வாரத்தில் போய் நிற்கிறது. புதிதாகச் சேர்ந்தது வோக்லிபோஸ் என்ற மருந்து. சிறுகுடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தி, சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறாமல் தடுப்பது அதன் வேலை. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகும், அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்கும். அதாவது என் குடல் கெடவில்லை, மாத்திரை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது! எழுதிக்கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து மாதமும் ஒரு நண்பரும் மிஞ்சியிருக்கும்.

நானாக மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் ஐந்து நிமிடம் படித்துவிட்டு மருந்தை மாற்றினார். இரண்டு வாரத்தில் எண்ணிக்கை பதினைந்துக்கு இறங்கியது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: வாயு மட்டும் என்றால் பெரும்பாலும் நோய் அல்ல, உள்ளே என்ன உடையாமல் போகிறது என்பதற்கான தகவல். மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலையில் உள்ள சில சர்க்கரைகளை உடைக்கும் என்சைம் மனிதனின் சிறுகுடலிலேயே கிடையாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் குறையும். டம்ளர் டம்ளராகப் பால் குடித்த பிறகு உப்பினால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம். மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளந்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். நாற்றத்தைக் கண்டு பயப்படவேண்டாம், பிரிகிற வாயுவில் 99 சதவீதத்துக்கு மேல் மணமே இல்லாதது. முட்டை, பூண்டு, முட்டைக்கோஸ் தரும் கந்தகச் சேர்மங்கள் துளியளவு இருந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும்.

ஆனால் உடல் எடை காரணமின்றிக் குறைவது, மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பிவிடும் வலி, ஐம்பது வயதுக்குமேல் திடீரென்று மலப் பழக்கம் மாறுவது, இவற்றில் ஒன்று கூட வந்தாலும் இந்தத் தளத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நெஞ்சில் பிடிப்பு, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அதை ‘கேஸ்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். என் பெரியப்பா அப்படிச் சொல்லித்தான் சோடா வாங்கிவரச் சொன்னார். சோடா வரும்போது அவர் இல்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மே மாத சீசனில் ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டையும் கைக்குட்டையையும் போட்டு இடம் பிடிக்கிறவர்களே, வருடம் முழுக்க அந்த பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறோம். என்னைப் போன்றவனுக்கு ஜன்னலோரம் ஆடம்பரம் அல்ல, பொதுநலம்.

அந்த ஆசிரியர் இன்னும் முன் சீட்டில்தான் வருகிறார். போன டிசம்பரில் ஒருநாள் வேறு இடம் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய நாள்போலப் பேசிக்கொண்டு வந்தோம். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, சத்தியமாக. பன்னிரண்டாவது வளைவில், அந்தக் குளிரில், என் மடியைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டார்.