நான் அனுப்பும் வாராந்திரத் தகவலை ஆசிரியர்கள் படிப்பதே இல்லை!

கேள்வி: நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. கட்டடத்தில் பழுதுபார்ப்பு வேலை நடப்பதால் இந்தப் பருவம் முழுவதும் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் ஆன்லைன்தான். 22 ஆசிரியர்களும் வீட்டிலிருந்தே பாடம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் உட்கார்ந்து அந்த வாரத்துக்கு வேண்டிய எல்லாத் தகவலையும் தொகுத்து, நாலைந்து பக்க பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். உடனே வரிசையாக "நன்றி மேடம்" வருகிறது. திங்கள் காலை, அதில் எழுதியிருப்பதையே ஒவ்வொருவராக போன் செய்து கேட்கிறார்கள். போன வாரம் மூன்று பேர் நேரம் மாறியது தெரியாமல் பழைய நேரத்துக்கே வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். யார் யார் படித்தார்கள் என்று பார்த்தால் எல்லோர் பெயரும் இருக்கிறது! இனி "படித்தேன்" என்று கையெழுத்து வாங்கலாமா? அல்லது எழுதுவதையே விட்டுவிட்டு வாராவாரம் வீடியோ கூட்டம் போட்டுவிடலாமா? கடைசியில் ஒரு பொன்மொழி வேறு தேடிப் போடுகிறேன், அதையாவது யாராவது படிக்கிறார்களா என்று தெரியவில்லை.
– பெயர் வேண்டாம்

பதில்:

கையெழுத்து வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் 'படித்தவர்கள்' பட்டியலில் பெயர் வருகிறது என்றால் அவர் அந்த உரையாடலைத் திறந்தார் என்றுதான் அர்த்தம். தனிப்பட்ட உரையாடலில் நீல டிக்கை அணைத்து வைக்கலாம், குழுவில் அதுவும் முடியாது. அதனால் சமையலறையில் நின்றுகொண்டு ஒரு கையால் திறந்து மூடியவர் பெயரும் அங்கே வரும், பிடிஎஃப்பைத் தொடாதவர் பெயரும் வரும். கையெழுத்து வாங்கினாலும் இதே கதைதான்: 22 கையெழுத்தும் வந்துவிடும், மூன்று பேர் பழைய நேரத்துக்கே வகுப்பைத் தொடங்குவார்கள். திட்டுவதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. பள்ளி கட்டடத்தில் நடந்தபோதும் உங்கள் சுற்றறிக்கையைப் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வேலை நடந்தது. ஏன்? படித்த ஒருவர் ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்குச் சொல்வார். மதிய இடைவேளையில் யாராவது "டீச்சர், நாளைக்கு முதல் பீரியட் இல்லையாமே?" என்று கேட்பார். அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று ஞாபகப்படுத்துவார். நீங்களே வராந்தாவில் நடந்து போகும்போது இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள். அறிவிப்புப் பலகை வேறு. இவ்வளவு வழியாகப் போய்ச் சேர்ந்த தகவலைத்தான் இப்போது ஒரே ஒரு பிடிஎஃப் தனியாகச் சுமக்கிறது. உங்கள் ஆசிரியர்கள் திடீரென்று பொறுப்பற்றவர்களாகிவிடவில்லை, அந்தக் கடிதத்தைச் சுற்றியிருந்த பேச்சு போய்விட்டது. அது போனதை ஈடுகட்டத்தான் நீங்கள் கடிதத்தை வாராவாரம் நீட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீளம் கூடக் கூட முக்கியமானது உள்ளே புதைந்துபோகிறது.

ஆகவே கடிதத்துக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். போன வெள்ளிக்கிழமை இருந்ததற்கும் வரும் திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது? அது மட்டும் போதும். மாறாதது எதுவும் அதில் வரக்கூடாது. வகுப்பு லிங்க், கடவுச்சொல், வருகைப்பதிவு எப்படிப் போடுவது, வீடியோவைப் பதிவு செய்யலாமா கூடாதா, குழந்தை வீட்டுப்பாடத்தை எங்கே அனுப்ப வேண்டும் – இதெல்லாம் ஒரு பகிர்வு ஆவணத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். அதன் லிங்க் குழுவின் விவரப் பகுதியில் இருக்கட்டும், மாற்றம் வந்தால் அந்த ஆவணத்தையே திருத்துங்கள். வாராவாரம் இதையெல்லாம் திரும்ப எழுதினால் மூன்றாவது வாரத்தில் படிப்பவர் கண் தானாகவே தாண்டிப் போகும், புதிதாக வந்த வரியையும் சேர்த்துத் தாண்டும். அந்த மூன்று பேருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று அடித்துச் சொல்வேன்: "தற்போதைய சூழலைக் கருத்தில் கொண்டு, மாணவர்களின் நலன் கருதி, கீழ்க்கண்ட மாற்றங்கள் மேற்கொள்ளப்பட்டுள்ளன என்பதை ஆசிரியப் பெருமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வதில்..." இதையெல்லாம் தாண்டித்தான் நேரம் வருகிறது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "திங்கள் முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் காலை 9 மணிக்கு இல்லை, 10 மணிக்கு. மற்ற வகுப்புகளுக்கு மாற்றம் இல்லை. காரணம்: அண்ணன் அக்கா வகுப்பு முடிந்த பிறகுதான் சின்னக் குழந்தைகளுக்கு போன் கிடைக்கிறது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவர்: வகுப்பாசிரியர், வெள்ளி மாலைக்குள்." யாருக்கு, என்ன, எப்போதிலிருந்து, ஏன், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் எல்லாம் வந்துவிட்டது. 'ஏன்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், காரணம் தெரிந்த மாற்றம் மனதில் நிற்கும். தெரியாதது "மேடம் ஏதோ மாத்திட்டாங்க" என்று போய்விடும்.

அந்தக் "கீழ்க்கண்ட பணிகள் முடிக்கப்பட வேண்டும்" பாணியும் போகட்டும். யார் முடிக்க வேண்டும்? பெயரோ வகுப்போ இல்லாத வேலையை 22 பேரும் மற்ற 21 பேரின் வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிறு இரவு என்பதுதான் எனக்கு உண்மையிலேயே பிடிக்காத விஷயம். தொடக்கப் பள்ளியில் இது ரொம்பவே தப்பான நேரம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால் ஆசிரியர் ஒரு செய்தி போட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆறு வயதுக் குழந்தை தானாக உள்ளே வராது. யாராவது பெரியவர் போனைக் கொடுத்து, லிங்க்கைத் தட்டி, பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தப் பெரியவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு இரண்டு நாளாவது வேண்டும். ஆக, உங்களிடமிருந்து கிளம்பும் தகவல் ஆசிரியரிடம் நிற்பதில்லை, பெற்றோரிடம் போய், போன் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய், கடைசியில்தான் குழந்தையிடம் வருகிறது. ஞாயிறு இரவு 9 மணிக்குப் போட்டால் திங்கள் காலை 9 மணிக்குள் இவ்வளவு தூரம் எப்படிப் போகும்? ஆசிரியர் அதற்குள் அந்த வாரத்துக்கான ஒர்க்‌ஷீட்டைத் தயார் செய்து முடித்திருப்பார். அவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகிற குழந்தை இருக்கலாம், ஞாயிறு இரவு அந்தக் குழந்தையின் இரவும்கூட.

வியாழன் மாலை அல்லது வெள்ளி மதியம் அனுப்புங்கள். உங்களுக்கு எழுத நேரம் கிடைப்பது ஞாயிறு இரவில்தான் என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலாக இருந்தால் நேரம் குறித்து வைத்துவிடலாம், ஜிமெயிலில் அந்த வசதி 2019லிருந்தே இருக்கிறது. பிரான்ஸில் வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பற்றி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பேசித் தீர்க்க வேண்டும் என்ற சட்டமே 2017இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பள்ளிக்குச் சட்டம் தேவையில்லை, ஆனால் மேடத்திடமிருந்து ராத்திரி செய்தி வந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடும் தைரியம் புதிதாகச் சேர்ந்த டீச்சருக்கு இருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிடிஎஃப் எதற்கு? போன் திரையில் அதைப் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. மாற்றங்களை நேராகச் செய்தியாகவே தட்டச்சு செய்யுங்கள், திரையை ஒன்றிரண்டு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். மேலே தேதி போடுங்கள், பிறகு தேடினால் கிடைக்கும். குரல் பதிவாகப் போடும் யோசனை வந்தால் தயவுசெய்து வேண்டாம். ஏழு நிமிடப் பேச்சில் நேரம் எந்த இடத்தில் வந்தது என்று யாரும் திரும்பத் தேட மாட்டார்கள்.

அப்புறம், எல்லோருக்கும் போகும் கடிதத்தில் சிலருக்கான திட்டு. நீங்கள் செய்கிறீர்களா தெரியாது, ஆனால் நிறையப் பேர் செய்வார்கள், ஆன்லைனில் இன்னும் அதிகமாகச் செய்வார்கள், ஏனென்றால் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. "சில ஆசிரியர்கள் குறித்த நேரத்தில் வகுப்பைத் தொடங்குவதில்லை என்பது கவனத்துக்கு வந்துள்ளது." இதைப் படித்து ஒழுங்காகத் தொடங்கும் 19 பேரும் "என்னைத்தான் சொல்கிறார்களோ" என்று கலங்குவார்கள். அந்த மூன்று பேர் கலங்கவே மாட்டார்கள், தங்கள் பக்கத்து நியாயம் அவர்களிடம் தயாராக இருக்கும். மூன்று பேர்தானே? போனை எடுத்துப் பேசுங்கள். ஒருவருக்கு இணைய இணைப்பில் சிக்கல் இருக்கும், ஒருவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும், ஒருவர் நிஜமாகவே அலட்சியமாக இருந்திருப்பார். மூன்றுக்கும் மூன்று வேறு பதில்.

குழந்தைகள் பெயரும் அப்படித்தான். "இன்னார் பத்து நாளாக வகுப்புக்கு வரவில்லை, வீட்டில் பிரச்சினை போலிருக்கிறது" என்று 22 பேர் இருக்கும் குழுவில் எழுதக்கூடாது. அந்தச் செய்தி எந்த வீட்டு மேசையில் எந்த போனில் யார் கண்ணில் படும் என்று உங்களால் சொல்ல முடியாது. வராத குழந்தைகளைப் பற்றி அந்தந்த வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள்.

வீடியோ கூட்டம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அறிவிப்பை உரக்கப் படித்துக் காட்டவா கூட்டம்? வேண்டாம், நாள் முழுக்கத் திரையில் குழந்தைகளைப் பார்த்தவர்களை மாலையிலும் திரைக்கு முன் உட்கார வைக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இந்த வீடியோ சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் தெரியும் முகங்கள் ஓயாமல் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே இடத்தில் இருப்பது, தலையசைப்பு போன்ற சின்னச் சைகைகளைக்கூட மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருப்பது. ஒரு நாளில் ஐந்து வகுப்பு எடுத்தவருக்கு இந்த நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

ஆனால் வகுப்பு வாரியாக, நாலைந்து பேராக, 20 நிமிடம் சந்திப்பது வேறு விஷயம். இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து "கழித்தல் கணக்கைத் திரையில் எப்படிச் சொல்லித் தருவது", "அந்தப் பையன் ஏன் கேமராவை அணைத்தே வைத்திருக்கிறான்" என்று பேசினால் அது வேலைக்கு ஆகும். ஆசிரியர் அறையில் நடந்த பேச்சில் கொஞ்சமாவது திரும்ப வருவது அங்கேதான். நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு குழுவில் மட்டும் போய் உட்காருங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருங்கள். மற்றவர்கள் கேமராவை அணைத்துக்கொண்டு நடந்தபடியே பேசினாலும் கண்டுகொள்ளாதீர்கள். இலவச ஜூம் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் தானாகவே முடிந்துவிடும் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கென்னவோ பணியாளர் கூட்டங்களுக்கு அது ஒரு வரம்.

திங்கள் காலை வரும் போன்களை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே மதிப்பெண் பட்டியல்! ஒருவர் கேட்டால் அவர் படிக்கவில்லை. நான்கு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டால் நீங்கள் எழுதியது புரியவில்லை. கேள்விகளைக் குறித்து வையுங்கள், அடுத்த கடிதம் எழுதும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி நீங்களும் கேளுங்கள், ஒன்றே ஒன்று, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியதாக: "இந்த வாரம் உங்கள் வகுப்பில் எத்தனை குழந்தைகளுக்கு ஒர்க்‌ஷீட் போய்ச் சேரவில்லை?" பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த பதிலால் நீங்கள் ஏதாவது மாற்றினால் அதை அடுத்த கடிதத்தின் முதல் வரியில் போடுங்கள். தான் சொன்னதால் ஒன்று மாறியது என்று பார்த்த டீச்சர் அடுத்த கடிதத்தை நிச்சயம் திறந்து படிப்பார்.

ஒரு சந்தேகம்: 22 ஆசிரியர்கள் என்கிறீர்கள், அலுவலகத்தில் போன் எடுப்பவர் அந்தக் குழுவில் இருக்கிறாரா? பெற்றோர் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். நேரம் மாறியது அவருக்குத் தெரியாவிட்டால் நீங்களும் ஆசிரியரும் சரியாகச் சொன்னதை அவர் ஒரே போனில் தவறாக்கிவிடுவார், பாவம், அவர் மேல் தப்பும் இல்லை. உடற்கல்வி, ஓவியம், சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், உதவியாளர்கள் எல்லோரையும் சேர்த்துவிடுங்கள்.

பொன்மொழியைக் கேட்டிருந்தீர்கள். எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், அந்த வாரம் ஏதாவது ஒரு வகுப்பில் நீங்கள் பார்த்த நல்ல விஷயம் ஒன்றை இரண்டு வரியில் எழுதலாம், ஆசிரியர் பெயரோடு. ஆனால் வாராவாரம் அதே இரண்டு பேர் பெயராக இருக்கக்கூடாது. எழுத ஒன்றும் இல்லாத வாரம் எதுவும் எழுத வேண்டாம்.