விண்வெளி ஆயுதங்கள் பற்றிய உளவு மதிப்பீடுகளில் எதை நம்பலாம்?

பிற நாடுகளின் இராணுவ விண்வெளித் திறன் குறித்து உளவு அமைப்புகள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் கண்டதைப் பெரும்பாலும் நம்பலாம், கண்டதற்குக் கற்பிக்கும் நோக்கத்தை அவ்வளவு எளிதில் நம்பக் கூடாது என்பது என் கருத்து.

1970களில், சோவியத் ஒன்றியத்தின் செமிபலத்தின்ஸ்க் அணுச் சோதனைக் களத்தில் இருந்த புதிரான ஒரு வளாகத்தை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் படம்பிடித்தன. அது துகள் கற்றை ஆயுதத்துக்கான (நுண்துகள்களை மிகு வேகத்தில் பாய்ச்சித் தாக்கும் ஆயுதம்) இடம் என்று அமெரிக்க விமானப்படை உளவுப் பிரிவின் தலைவர் ஜார்ஜ் கீகன் உறுதியாக நம்பினார்; 1977இல் ஓய்வு பெற்றதும் அதை வெளிப்படையாகவே எச்சரிக்கத் தொடங்கினார். சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர்தான், அங்கே சோதிக்கப்பட்டவை அணுசக்தி ராக்கெட் எஞ்சின்கள் என்பது தெரியவந்தது. படங்களில் பிழை இல்லை. தெரியாத இடத்தை அச்சம் நிரப்பியது.

மாஸ்கோவும் இதே போலச் சறுக்கியது. ஸ்பேஸ் ஷட்டிலுக்கு அமெரிக்கா காட்டிய செலவுக் கணக்கு சோவியத் வல்லுநர்களுக்கு எவ்விதத்திலும் பொருந்தி வராததால், அதற்கு மறைவான இராணுவ நோக்கம் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் முடிவுகட்டினர். வளிமண்டலத்துக்குள் தாழ இறங்கி மாஸ்கோ மீது அது அணுகுண்டு வீசக்கூடும் என்றுகூட 1976இல் ஓர் ஆய்வு கூறியது. இத்தகைய அச்சமும் உந்தி, ஷட்டிலைப் போலவே சோவியத் ஒன்றியம் உருவாக்கிய புரான் விண்கலம், 1988 நவம்பர் 15 அன்று ஒரே ஒரு முறை, ஆளின்றி, விண்வெளி சென்று திரும்பியது. ஒரு தவறான ஊகத்துக்கு ஒரு நாடு இவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்ந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இதற்காக எல்லா மதிப்பீடுகளையும் ஒதுக்கிவிடவும் முடியாது. நிலவுக்கு மனிதரை அனுப்பும் போட்டியில் தாங்கள் இருந்ததே இல்லை என்று சோவியத் தரப்பு சாதித்தபோது வெளியுலகில் பலர் அதை நம்பினர். சோவியத் விண்வெளி ஏவுமையமான பைக்கனூரில் எழுந்த மாபெரும் ஏவுதளங்களைப் படங்களில் பார்த்திருந்த சிஐஏ நம்பவில்லை. நிலவுப் பயணத்துக்காக சோவியத் உருவாக்கிய என்-1 ராக்கெட்டின் கதை 1989இல் வெளிவந்தபோது சிஐஏ சொன்னதே சரியாயிற்று. ராக்கெட்டின் பருமனை மறைப்பது கடினம்; விண்கலத்தின் உள்ளே இருப்பதை மறைப்பது எளிது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா ஏவிய காஸ்மோஸ் 2553 செயற்கைக்கோளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஏறத்தாழ 2,000 கி.மீ. உயரத்தில், கதிர்வீச்சு மிகுந்த, வேறு செயற்கைக்கோள்கள் நாடாத பகுதியில் அது சுற்றுகிறது. இதை யாரும் அளந்து சரிபார்க்கலாம். மின்னணுக் கருவிகளைச் சோதிக்கவே ஏவினோம் என்கிறது ரஷ்யா, விண்வெளி அணு ஆயுதத் திட்டத்தோடு தொடர்புடையது என்கிறது அமெரிக்கா. அந்தச் சுற்றுப்பாதையை உண்மையாகவும், அணு ஆயுதத் தொடர்பைப் புறக்கணிக்க முடியாத ஐயமாகவும் தனித்தனியே வைத்திருக்கிறேன்.